கடையத்துப் பிள்ளையின் 338

சென்னையில் மளிகைக் கடை வைத்திருக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். சொந்த ஊர் கடையம் பக்கம். அக்கா பீடி சுற்றுகிறார், அத்தான் கொத்தனார். அவர்கள் மகள் அரசு மேல்நிலைப் பள்ளியில் தமிழ் வழியில் படித்துப் பிளஸ் டூவில் 600-க்கு 561 வாங்கியிருக்கிறாள். நீட்டில் 720-க்கு 338. "சார், ரெண்டு வருஷம் படிச்சு வாங்குன மார்க்குக்கு மதிப்பில்ல, மூணு மணி நேரம் வட்டத்தைக் கறுப்பாக்குனதுக்குத்தான் மதிப்புன்னா இது என்ன நியாயம்? இப்படி ஒரு தேர்வால யாருக்கு என்ன பிரயோசனம்? பிள்ளைய இன்னொரு வருஷம் படிக்க வைக்கட்டுமா, விட்டுரட்டுமா?" என்பது அவர் கேள்வி.

நான் அம்பாசமுத்திரம் வட்டாரத்து அரசு மேல்நிலைப் பள்ளிகளில் 1986 முதல் 2019 வரை இயற்பியல் நடத்தியவன். நுழைவுத் தேர்வு இருந்த காலம், அது போய்ப் பிளஸ் டூ மார்க் மட்டும் இருந்த காலம், நீட் வந்த காலம் என்று மூன்றையும் கரும்பலகைப் பக்கம் நின்று பார்த்தாயிற்று. அதனால் இதில் எதன் மேலும் எனக்குப் பக்தி கிடையாது.

முதல் கேள்விக்குப் பதில் உங்கள் அக்காவுக்கே தெரியும் தம்பி. சுற்றிய பீடியைக் கடையில் கொண்டுபோய்க் கொடுக்கும்போது, பார்த்து வாங்குகிறவர் சரியில்லாததைக் கழித்துத் தள்ளுவார். அவர் கழித்த பீடி உண்மையிலேயே சரியில்லாத பீடிதான். ஆனால் அந்த வாரம் கொடுத்த இலையே பொடிந்த இலை என்றால்? கழிவு கூடத்தான் செய்யும். அது இலை கொடுத்தவர் கணக்கில் விழாது, சுற்றினவள் கணக்கில் விழும். நீட் மார்க்கும் அப்படித்தான். பிள்ளைக்குத் தெரியாதது தெரியாததுதான், அதில் பொய் ஒன்றும் இல்லை. ஏன் தெரியாமல் போயிற்று என்பது மட்டும் விடைத்தாளில் வராது.

சரி, அப்படியானால் தேர்வே வேண்டாம் என்று சொல்லிவிடலாமா? அங்கேதான் நான் கொஞ்சம் தயங்குவேன். பாளையங்கோட்டை ஐகிரவுண்டில் மருத்துவக் கல்லூரி வந்தது 1965-இல். அந்தக் காலத்தில் மருத்துவத்தில் சேர நேர்முகத் தேர்வு உண்டு. பாடங்களுக்கு 200, நேர்முகத்துக்கு 75 என்று இருந்த கணக்கு, பெரியகருப்பன் வழக்காக 1970-இல் உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. நேர்முகத் தேர்வு நடந்த விதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர் "அப்பா என்ன பண்ணுதாரு, எந்த ஊரு, எந்தத் தெரு" என்று கேட்கிற இடத்தில் பீடி சுற்றுகிறவர் மகளுக்கு 75-க்கு எத்தனை விழும் என்று நினைக்கிறீர்கள்? இயந்திரம் திருத்துகிற தாளுக்குத் தெரு தெரியாது, யார் போன் போட்டார்கள் என்று தெரியாது. நம்ம ஊரில் இது சின்ன விஷயமே இல்லை. தேர்வால் என்ன பிரயோசனம் என்று கேட்டீர்களே, முதல் பிரயோசனம் இதுதான். மற்றதெல்லாம் இதற்குப் பின்னால்தான்.

1984-இல் தமிழ்நாட்டில் தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வு வந்தது. பின்னாளில் அது பிளஸ் டூவுக்கு 200, நுழைவுத் தேர்வுக்கு 100, ஆக மொத்தம் 300 என்ற கணக்கில் நின்றது. இரண்டையும் கலந்து பார்த்ததில் ஒரு புத்தி இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் பிளஸ் டூ பரீட்சை முடிந்ததும் பாளையங்கோட்டையில் அறை எடுத்துத் தங்கிப் பயிற்சிக்குப் போக முடிந்த பிள்ளை ஒரு பக்கம், கடைசிப் பரீட்சை எழுதின மறுநாளே வயலுக்கோ பீடிச் சுளகுக்கோ போன பிள்ளை இன்னொரு பக்கம். என் வகுப்பில் இரண்டு வகையும் உட்கார்ந்திருந்தது. ஆனந்தகிருஷ்ணன் குழு பரிந்துரைத்து, 2006-இல் சட்டமாகி, 2007 சேர்க்கையிலிருந்து நுழைவுத் தேர்வு போயிற்று. அன்றைக்கு நானும் சந்தோஷப்பட்டவன்தான்.

அந்தச் சந்தோஷம் ரொம்ப நாள் நிலைக்கவில்லை. பிளஸ் டூ மார்க் மட்டும் என்று ஆனதும் பந்தயம் அங்கே இடம் மாறிக்கொண்டது. மருத்துவத்துக்கு உயிரியல் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200-க்குக் கட் ஆஃப். கால் மார்க்கில் சீட் கைமாறும். எந்தப் பாடத்திலிருந்து எத்தனை மார்க் கேள்வி வரும் என்று புளூபிரிண்ட் இருந்ததால், அதை வைத்தே பிள்ளைகளை ஓட்டினார்கள். பிளஸ் ஒன் பாடத்தைத் தொடாமலே இரண்டு வருஷமும் பிளஸ் டூ புத்தகத்தை அரைக்கிற விடுதிப் பள்ளிகள் நாமக்கல் பக்கம் பேர் வாங்கின. அந்த வழக்கம் நம் பக்கமும் வந்தது. நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில், பெயர் வேண்டாம், பிளஸ் ஒன் வகுப்பில் ஜூலை மாதமே பிளஸ் டூ புத்தகத்தை எடுக்கச் சொன்னார்கள். நான் முணுமுணுத்தேன். அப்புறம் எடுத்தேன். விசை, இயக்கம், ஆற்றல் எல்லாம் பிளஸ் ஒன் பாடம். அதைப் படிக்காமலே இயற்பியலில் 200-க்கு 195 வாங்கின பிள்ளைகள் என் கையாலேயே போயிருக்கிறார்கள். அதை நினைத்தால் இன்றைக்கும் கொஞ்சம் கூசத்தான் செய்கிறது.

ஆகவே "மார்க்கைப் பார்த்தே எடுத்திருந்தால் ஏழைப் பிள்ளைக்கு நியாயம் கிடைத்திருக்கும்" என்பதில் பாதிதான் உண்மை. அந்தப் பத்து வருஷத்திலும் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் மருத்துவத்துக்குப் போனது சொற்பம். ஆனால் தமிழ் வழியில் படித்த பிள்ளைகள், வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகிற பிள்ளைகள் இப்போதைவிட அப்போது கூடுதலாகப் போனார்கள். அதுவும் உண்மை. ஒன்றைச் சொல்லி இன்னொன்றை மறைக்கக் கூடாது.

நீட் முதலில் நடந்தது 2013-இல். அந்த வருஷமே உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது, 2016-இல் அந்தத் தீர்ப்பைத் தானே திரும்பப் பெற்றது. அந்த வருஷம் மட்டும் மாநில இடங்களுக்கு விலக்கு கிடைத்தது. 2017 முதல் தப்ப வழியில்லை. அரியலூர் அனிதாவைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. அந்த 1176-ஐ மறந்தவர் தமிழ்நாட்டில் இல்லை.

தேர்வை எப்படி நடத்தினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 2017-இல் ஆங்கிலத்தில் எழுதினவர்களுக்கு ஒரு கேள்வித்தாள், தமிழில் எழுதினவர்களுக்கு வேறு கேள்விகள். எல்லோருக்கும் ஒரே அளவுகோல் என்று சொல்லிக்கொண்டே இரண்டு கோல் வைத்திருந்தார்கள். 2018-இல் கேள்வி ஒன்றாயிற்று, மொழிபெயர்ப்பு கெட்டது. தமிழ்த் தாளில் 49 கேள்விகளில் பிழை என்று வழக்கு. சிறுத்தை இருக்க வேண்டிய இடத்தில் "சீத்தா" என்று அச்சாகியிருந்தது. உயிரியல் தாளில் சீத்தா என்று பார்த்தால் நம் பிள்ளைக்கு மரத்தில் தொங்குகிற சீத்தாப் பழம்தான் ஞாபகம் வரும். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 49-ஐ நாலால் பெருக்கி 196 மார்க் கருணையாகக் கொடுக்கச் சொன்னது, உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 196 மார்க் அள்ளிக் கொடுப்பதும் சரியான வழி இல்லைதான். ஆனால் பிழை பிழைதானே? அது கடைசியில் தமிழில் எழுதின பிள்ளை தலையில்தான் விடிந்தது. அதே வருஷம் நம் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்கு எர்ணாகுளத்தில் மையம் போட்டார்கள். முந்தின நாள் ரயிலேறி, தெரியாத ஊரில் தங்கி, மறுநாள் பரீட்சை.

இப்போது மையம் திருநெல்வேலியிலேயே கிடைத்துவிடுகிறது. மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் இரண்டு மணிக்குத் தேர்வு, ஒன்றரைக்குக் கதவு சாத்திவிடுவார்கள். வாசலில் நின்று பார்த்திருக்கிறீர்களா? கத்தரி வெயில். காதில் கிடக்கிற கம்மலைக் கழற்றச் சொல்வார்கள். இரண்டு வருஷத்துக்கு முன் எனக்குத் தெரிந்த பிள்ளை ஒன்றைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். கம்மல் திருகு இறுகிப்போய் வரவில்லை. அதன் அம்மா எச்சில் தொட்டுத் தொட்டுத் திருகிக் கழற்றி, முந்தானையில் முடிந்துகொண்டாள். பிள்ளையின் காது சிவந்துபோயிற்று. அந்தச் சிவந்த காதோடு அது உள்ளே போய் 180 கேள்விக்கு உட்கார்ந்தது. காப்பி அடிக்காமல் இருக்கச் சோதனை வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். 2019-இல் ஆள்மாறாட்டம் செய்து ஒருவர் தேனி மருத்துவக் கல்லூரி வரை போன கதையும் நமக்குத் தெரியும். கம்மலைத் தாண்டி அது நடந்திருக்கிறது.

சரி, தேர்வு உண்மையில் எதை அளக்கிறது? ஒரு நாள் சாயங்காலம் எங்கள் வீட்டுத் தார்சாவில் மூன்று பிள்ளைகளை உட்கார வைத்து ஒரு கணக்குக் கொடுத்தேன். கிணற்றுக் கப்பி மாதிரி ஒரு கப்பி. கயிற்றின் ஒரு முனையில் 4 கிலோ, மறுமுனையில் 6 கிலோ. என்ன முடுக்கத்தில் நகரும்? பயிற்சி மையத்துப் பிள்ளைகள் இரண்டு பேர் பேனாவையே எடுக்கவில்லை. வித்தியாசம் 2, கூட்டல் 10, வகுத்துப் புவியீர்ப்பு முடுக்கமான பத்தால் பெருக்கினால் 2. பத்து வினாடி. மூன்றாவது பிள்ளை அரசுப் பள்ளி. படம் போட்டு, ஒவ்வொரு எடைக்கும் விசைகளைக் குறித்து, இரண்டு சமன்பாடு எழுதித் தீர்த்து 2 என்று சொல்ல நாலு நிமிஷம் ஆயிற்று. நீட்டில் ஒரு கேள்விக்கு ஒரு நிமிஷம்தான். ஆக, தேர்வுக் கணக்கில் அவள் மூன்று கேள்வியைப் பறிகொடுத்துவிட்டாள்.

அப்புறம் கேள்வியைக் கொஞ்சம் மாற்றினேன். 6 கிலோவை எடுத்துவிட்டு, அந்த முனையை ஒருவர் 60 நியூட்டன் விசையோடு கையால் இழுக்கிறார். இப்போது முடுக்கம் என்ன? பத்து வினாடிப் பிள்ளைகள் இரண்டு பேரும் "அதே 2 தான் சார்" என்றார்கள். 6 கிலோவின் எடை 60 நியூட்டன்தானே என்று அவர்கள் நினைப்பு. அவள் மறுபடியும் படம் போட்டாள். இழுக்கிற கைக்குச் சுமக்க வேறு எடை இல்லை, 60-இல் 40 போக 20, அதை 4-ஆல் வகுத்தால் 5 என்றாள். கிணற்றில் தண்ணீர் இறைத்த கை அது.

இதிலிருந்து ஒரு முடிவுக்கும் அவசரமாக வராதீர்கள். பயிற்சி மையம் வீண் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பையன்களில் ஒருவன் இரண்டாவது கணக்கைப் புரிந்துகொண்டபோது அவன் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன், அவனுக்கும் மூளை இருக்கிறது. தேர்வு முறையே தப்பு என்றும் சொல்லவில்லை. இரண்டாவது கேள்வியைக்கூட நாலு விடை கொடுத்து வட்டம் போடச் சொல்லலாம், நல்ல கேள்வியாகத்தான் இருக்கும். கேள்வி நன்றாக இருந்தால் தேர்வு அளக்கும். ஆனால் நிமிஷத்துக்கு ஒன்று என்று ஓடும்போது புரிதலைவிடப் பழக்கம்தான் முந்துகிறது. பழக்கத்துக்குக் காசும் நேரமும் வேண்டும். நீட்டின் பாதிப்பை ஆராயத் தமிழக அரசு அமைத்த ஏ.கே. ராஜன் குழு 2021-இல் கொடுத்த அறிக்கையில் ஒரு எண் எனக்கு மறக்காது. மருத்துவத்தில் சேர்ந்தவர்களில் திரும்ப எழுதி வந்தவர்கள் 2016-17-இல் 12 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல், 2020-21-இல் 71 சதவீதம். அதாவது சீட் வாங்கின பத்துப் பேரில் ஏழு பேர், வருமானம் இல்லாமல் ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ பிள்ளையை உட்கார வைத்துப் படிக்க வைக்க முடிந்த வீட்டிலிருந்து வந்தவர்கள். பிளஸ் டூ முடித்த கையோடு எழுதுகிற உங்கள் அக்கா மகள் இவர்களோடுதான் ஓடியிருக்கிறாள்.

மார்க்கின் நுணுக்கத்தையும் அளவுக்கு மேல் நம்ப வேண்டாம். சரிக்கு 4, தப்புக்கு 1 கழிவு. ஒரு கேள்வி சரியிலிருந்து தப்புக்கு மாறினால் 5 மார்க் போயிற்று, 20 லட்சத்துக்கு மேல் எழுதுகிற தேர்வில் அது ஆயிரக்கணக்கான ராங்க். 2024-இல் முதலில் வந்த முடிவில் 67 பேர் 720-க்கு 720. அவர்களில் 44 பேருக்கு ஒரே ஓர் இயற்பியல் கேள்வி காரணம், பழைய பாடப்புத்தகத்தில் இருந்த தப்பு விடைக்கும் மார்க் கொடுத்திருந்தார்கள். வினாத்தாள் கசிவும் கருணை மதிப்பெண்ணும் சேர்ந்து வழக்காகி, கடைசியில் முழு மார்க் 17 பேர் என்று நின்றது. அடுத்த வருஷம் இயற்பியல் கடினம், முதலிடமே 686. ஒரு வருஷத்து 338-ஐ இன்னொரு வருஷத்து 338-ஓடு ஒப்பிட்டுப் பேசுகிறவர் யாராக இருந்தாலும் நம்பாதீர்கள். ராங்க்கைப் பாருங்கள்.

"தகுதி" என்ற சொல்லை வைத்துக்கொண்டு ரொம்பப் பேசுகிறார்கள், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். 2025-இல் பொதுப் பிரிவுக்குத் தேர்ச்சி மதிப்பெண் 144. அதைத் தாண்டினவர் கையில் வருஷத்துக்கு 20 லட்சத்துக்கு மேல் கட்டப் பணம் இருந்தால் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களின் வாசல் அவருக்குத் திறந்தே இருக்கிறது. 338 வாங்கின கொத்தனார் மகளுக்கு அந்த வாசல் இல்லை. 2023-இல் முதுநிலை நீட்டுக்குத் தகுதி அளவைப் பூஜ்ஜியம் பெர்சென்டைல் வரை, அதாவது எழுதினவர் எல்லோருக்குமே தகுதி என்கிற அளவுக்கு இறக்கினார்கள். தேர்வு தரத்தைக் காக்கிறது என்று சொல்கிறவர்கள் இந்த இடம் வரும்போது இருமத் தொடங்கிவிடுவார்கள்.

இது நம் ஊர்த் தலைவலி மட்டும் இல்லை. அமெரிக்காவில் கல்லூரிச் சேர்க்கைக்கான சாட் தேர்வு 1926-லிருந்து நடக்கிறது, பணக்கார வீட்டுப் பிள்ளைகளே அதில் மேலே வருகிறார்கள் என்ற புகாரும் பழசு. கொரோனாவை ஒட்டிப் பல பல்கலைக்கழகங்கள் அதைக் கட்டாயமில்லை என்று விட்டுவிட்டன. கலிபோர்னியா பல்கலைக்கழகம் ஒரேயடியாகக் கைகழுவியது. எம்.ஐ.டி. 2022-இல் திரும்பக் கொண்டுவந்தது, டார்ட்மத் 2024-இல். டார்ட்மத் சொன்ன காரணத்தைக் கவனியுங்கள். ஏழை வீட்டுப் பிள்ளைகள் தங்கள் மார்க் குறைவு என்று நினைத்து அனுப்பாமலே விட்டார்களாம். அவர்கள் படித்த பள்ளியின் நிலையோடு வைத்துப் பார்த்தால் அது நல்ல மார்க், அனுப்பியிருந்தால் இடம் கிடைக்க உதவியிருக்கும். மார்க் ஒன்றேதான். யார் பக்கத்தில் நிறுத்திப் பார்க்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

யாரை யாரோடு நிறுத்துவது என்பது நம் சீமையில் ஆயிரத்து இருநூறு வருஷத்துக் கேள்வி. திருநெல்வேலிக்கு வடக்கே மானூர்க் கோயிலில் பாண்டியர் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது, சுமார் கி.பி. 800. ஊர்ச் சபையில் உட்கார வேண்டுமானால் வேதத்தின் மந்திர பிராமணமும் ஒரு தர்ம நூலும் கற்றவனாக, நல்ல நடத்தை உள்ளவனாக இருக்க வேண்டும் என்று தகுதி வைக்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் முதலில் ஊர் நிலத்தில் பங்கு வேண்டும். பங்கில்லாதவனுக்கு அந்தப் பரீட்சையே கிடையாது. மற்றபடி அது ஓர் அருமையான கல்வெட்டு, போனால் பார்த்துவிட்டு வாருங்கள்.

இப்போது நம்மிடம் இருக்கிற ஏற்பாடுகளில் எனக்குப் பிடித்தது 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. நீதிபதி கலையரசன் குழு 10 சதவீதம் சொன்னது, அரசு 2020-இல் 7.5 ஆக்கிச் சட்டம் போட்டது. நீட் எழுதத்தான் வேண்டும், ஆனால் அரசுப் பள்ளிப் பிள்ளையை அரசுப் பள்ளிப் பிள்ளையோடு நிறுத்தி ராங்க் பார்ப்பார்கள். அதற்கு முந்தின வருஷம் அரசுப் பள்ளியிலிருந்து மருத்துவத்துக்குப் போனவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். சட்டம் வந்த முதல் வருஷமே 400-க்கு மேல். தேர்வு மாறவில்லை, பாடம் மாறவில்லை, பிள்ளைகளும் அதே பிள்ளைகள்தான். கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. 2021-இல் இதைப் பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் என்று விரித்தார்கள்.

ஆனால் நெல்லைச் சீமைக்கு இதில் ஓர் ஓட்டை இருக்கிறது. பாளையங்கோட்டை, நாசரேத், மெஞ்ஞானபுரம் என்று மிஷனரி காலத்திலிருந்தே பள்ளிக்கூடம் கண்ட பூமி இது. இன்றைக்கும் பல ஊர்களில் பள்ளிக்கூடம் என்றாலே அரசு உதவி பெறும் பள்ளிதான். ஆசிரியருக்குச் சம்பளம் அரசு கொடுக்கும், நிர்வாகம் திருச்சபையோ சங்கமோ தனியாரோ. அங்கே படிப்பதும் இதே பீடி வீட்டுப் பிள்ளைகள், இதே சத்துணவு. சட்டம் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி என்று சொல்வதால் அந்தப் பிள்ளைகள் வெளியே நிற்கிறார்கள். ஊரில் இருந்த ஆர்.சி. நடுநிலைப் பள்ளியில் எட்டு வரை படித்துவிட்டு, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்குப் போன பிள்ளைக்கும் கிடையாது. பக்கத்தில் இருந்த பள்ளிக்கூடத்துக்கு நடந்து போனதுதான் அது செய்த தப்பு. எதிர்த்து வாதம் செய்கிறவர்கள் "உதவி பெறும் பள்ளிகளில் வசதியான பிள்ளைகளும் படிக்கிறார்களே" என்பார்கள். பாளையங்கோட்டையில் சில பள்ளிகளைப் பார்த்தால் அது நிஜம். அப்படியென்றால் வருமானத்தையும் சேர்த்துப் பார்க்கட்டுமே. செய்ய முடியாத காரியமா?

உங்கள் மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். விடைக்குறிப்போடு ஒப்பிட்டுப் பாடவாரியாக அனுப்பியிருந்தீர்கள், அது ரொம்ப உதவியாக இருந்தது. உயிரியலில் 230, வேதியியலில் 70, இயற்பியலில் 38. இயற்பியலில் 15 சரி, 22 தப்பு, 8 விட்டது. இதைப் பார்த்தால் எனக்கு வருத்தம் வரவில்லை, நம்பிக்கைதான் வருகிறது. 90 உயிரியல் கேள்வியில் 360-க்கு 230 எடுக்கிற பிள்ளைக்குப் படிக்கிற திறன் இல்லை என்று யார் சொல்வது? இயற்பியல் 38 என்பது கிட்டத்தட்ட யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை என்பதன் மார்க். அந்தப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர் பணியிடம் எத்தனை மாதம் காலியாக இருந்தது என்று விசாரித்துப் பாருங்கள்.

ஆகவே ஒரு வருஷம், ஒரே ஒரு வருஷம், திரும்ப எழுத வைக்கலாம் என்பது என் அபிப்பிராயம். மூன்றாவது முறை வேண்டாம். மூன்றாவது முறைக்கு உட்கார்ந்த பிள்ளைகளின் கண்ணை நான் பார்த்திருக்கிறேன். விடுதியோடு கூடிய பெரிய மையத்துக்கு லட்சக்கணக்கில் கட்டவும் வேண்டாம், கடைக்குக் கடன் வாங்கித்தான் கட்டுவீர்கள் என்று எனக்குத் தெரியும். உயிரியலை அவளே பார்த்துக்கொள்வாள். இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் மட்டும் ஆள் பிடித்தால் போதும். பிளஸ் ஒன் பாடத்திலிருந்து தொடங்க வேண்டும், புதுப் பாடப்புத்தகம் நன்றாகவே இருக்கிறது. கீழக் கடையத்தில் ரயில் ஏறினால் அம்பாசமுத்திரம் வந்து இறங்கலாம். சனி, ஞாயிறு என் வீட்டுக்கு அனுப்பினாலும் சரி, காசு வேண்டாம்.

மைனஸ் மார்க் பயத்தையும் போக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு வட்டம் போட்டால்கூட நாலு கேள்விக்கு ஒன்று சரியாகி 4, மூன்று தப்பாகி 3 போக, 1 மிச்சம். நஷ்டமில்லை. ஒரு விடை நிச்சயம் தப்பு என்று தெரிந்து அதைத் தள்ளிவிட்டால், மூன்று கேள்விக்கு 2 மிச்சம். இரண்டைத் தள்ள முடிந்தால் இரண்டு கேள்விக்கு 3 மிச்சம். டவுன் பிள்ளைகளுக்கு இதை முதல் வாரமே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். நம் பிள்ளைகள் "தப்பாப் போயிருமோ" என்று பயந்தே விட்டுவிட்டு வருவார்கள்.

அதே சமயம் மற்ற விண்ணப்பங்களை விட்டுவிடாதீர்கள். ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, மாநில இடங்களுக்குப் பிளஸ் டூ மார்க்தான். கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரி, தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி, பி.எஸ்சி. நர்சிங் எல்லாம் அப்படியே. ஆனால் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரிக்கு நீட் வேண்டும். மாட்டுக்கு வைத்தியம் படிக்கப் பிளஸ் டூ மார்க் போதும், மனுஷனுக்குச் சூரணம் கொடுக்க நீட் வேண்டும். இந்தக் கணக்கு எனக்கு இன்னும் விளங்கவில்லை. 561 எடுத்த பிள்ளைக்கு ராமையன்பட்டி நல்ல இடம். அவளுக்கு ஆடு மாட்டில் பிரியம் உண்டா என்று அவளிடம்தான் கேட்க வேண்டும், நம்மிடம் இல்லை.

நல்ல டாக்டர் யார் என்பதை எந்தத் தேர்வும் அளப்பதில்லை என்பதும் தெரிந்ததுதான். கடையம் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு பாட்டி வந்து "மேலுக்கு முடியல ஐயா, கிறுகிறுன்னு வருது" என்றால், அது காய்ச்சலா, ரத்த அழுத்தமா, காலையிலிருந்து சாப்பிடவில்லையா என்று கேட்டு வாங்கத் தெரிய வேண்டும். அந்தக் காது உங்கள் அக்கா மகளுக்குப் பிறந்ததிலிருந்தே இருக்கிறது. அதற்கு மார்க் இல்லை.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள் தம்பி. அரசு மேல்நிலைப் பள்ளி என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். ஆறு, ஏழு, எட்டு அவள் எங்கே படித்தாள் என்று அக்காவிடம் போன் போட்டுக் கேளுங்கள். கடையம் பக்கம் உதவி பெறும் நடுநிலைப் பள்ளிகள் நிறைய. அரசுப் பள்ளிதான் என்றால் ஒவ்வொரு பள்ளியிலும் படிப்புச் சான்றிதழை இப்போதே வாங்கி வைக்கச் சொல்லுங்கள், கலந்தாய்வு நேரத்தில் தலைமையாசிரியர் லீவில் இருப்பார். அரசுப் பள்ளி இல்லை என்றால் மேலே சொன்ன யோசனையில் பாதியை மாற்ற வேண்டியிருக்கும். கேட்டுவிட்டு எழுதுங்கள்.